வகுப்பறைக்கு வரும் பட்டாம்பூச்சிப் பெட்டி: ஒரு மதிப்புரை

அமெரிக்கத் தொடக்கப்பள்ளிகளில் ஏப்ரல் பிறந்துவிட்டால் வகுப்பறையின் சன்னல் ஓரம் களைகட்டிவிடும். பிளாஸ்டிக் குவளைகளில் அவரை விதை முளைக்கும். சில வகுப்புகளில் அடைகாக்கும் கருவியை வாடகைக்கு எடுத்துக் கோழிமுட்டை பொரிக்க வைப்பார்கள். பெரும்பாலான வகுப்புகளில் வலைக்கூண்டு ஒன்று தொங்கும். அந்த வலைக்கூண்டோடு வரும் பட்டாம்பூச்சி வளர்ப்புப் பெட்டியைப் பற்றியதே இம்மதிப்புரை. நியூ ஜெர்சியில் என் பிள்ளை படிக்கும் இரண்டாம் வகுப்பில் தன்னார்வலராக உதவி வருவதால், புழு வந்த நாள் முதல் பூச்சி பறந்த நாள் வரை இதை அருகிலிருந்து கவனிக்க முடிந்தது. பெட்டியைத் தயாரித்த நிறுவனத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. சந்தையில் கிடைக்கும் பெட்டிகள் அனைத்திலும் உள்ளிருப்பவை ஏறத்தாழ ஒன்றே என்பதால், கீழே சொல்லியிருக்கும் நிறைகுறைகள் எதை வாங்கினாலும் பொருந்தும்.

மடித்து விரிக்கக்கூடிய வலைக்கூண்டு, உணவோடு சேர்த்து மூடப்பட்ட குவளையில் ஐந்து சிறு புழுக்கள், சர்க்கரை நீர் விடச் சொட்டுக்குழாய், ஒரு துண்டறிக்கை ஆகியவை வீட்டுக்கான பெட்டியில் இருக்கும். பள்ளிக்கான பெட்டியில் முப்பதுக்கு மேற்பட்ட புழுக்களும், ஒவ்வொரு மாணவருக்கும் ஒன்று வீதம் சிறு குப்பிகளும் வரும். ஆசிரியர் உணவைப் பங்கிட்டு, மெல்லிய தூரிகையால் புழுவை எடுத்து ஒவ்வொரு குப்பியிலும் விட வேண்டும். வாங்குவோர் முதலில் கவனிக்க வேண்டியது, கடையில் அடுக்கியிருக்கும் பெட்டிக்குள் பெரும்பாலும் புழு இருக்காது என்பதாகும். உள்ளே ஒரு சீட்டுத்தான் இருக்கும். அதிலுள்ள எண்ணை நிறுவனத்தின் தளத்தில் பதிந்தால் புழு தனியாக அஞ்சலில் வரும். பிறந்தநாள் பரிசாகக் கொடுத்துவிட்டுக் குழந்தையின் முகம் வாடுவதைப் பார்க்க விரும்பாதவர்கள் முன்கூட்டியே பதிந்துகொள்வது நல்லது.

பெட்டியில் வரும் இனம் பெயின்டட் லேடி. விலங்கியல் பெயர் வனெஸ்ஸா கார்டுயி. இந்த இனத்தைத் தேர்ந்தெடுத்ததற்குத் தக்க காரணங்கள் உண்டு. அமெரிக்காவில் உயிருள்ள பட்டாம்பூச்சிகளை ஒரு மாநிலத்திலிருந்து மற்றொன்றுக்கு அனுப்ப வேளாண்மைத் துறையின் அனுமதி தேவை. மொனார்க் போன்ற இனங்களுக்கு அதில் கட்டுப்பாடு அதிகம். பெயின்டட் லேடியோ அமெரிக்கப் பெருநிலப்பரப்பிலுள்ள மாநிலங்கள் எங்கும் இயல்பாகவே காணப்படுவதால் அதற்கு அனுமதி கிடைப்பது எளிது. ஹவாய்க்கு அனுப்ப மாட்டார்கள். மேலும், மொனார்க் புழு எருக்கின் உறவான மில்க்வீட் செடியைத் தவிர வேறெதையும் தின்னாது; இதன் புழுவோ நூற்றுக்கும் மேற்பட்ட செடிகளைத் தின்னக்கூடியது. செயற்கை உணவிலும் தயங்காமல் வளரும். வகுப்பறைக்கு இதைவிட இணக்கமான பூச்சி கிடைப்பது அரிது.

ஆனால் இந்தப் பூச்சியின் உண்மையான பெருமையைப் பற்றித் துண்டறிக்கையில் ஒரு வரிகூட இல்லை. உலகிலேயே மிகப் பரவலாகக் காணப்படும் பட்டாம்பூச்சிகளில் ஒன்று இது, தமிழ்நாட்டிலும் உண்டு. ஆப்பிரிக்காவிலிருந்து சகாராவைத் தாண்டி ஐரோப்பாவுக்கும், மெக்சிகோவை ஒட்டிய பாலைநிலங்களிலிருந்து வட அமெரிக்காவின் உட்பகுதிக்கும் தலைமுறை தலைமுறையாக வலசை போவது. 2013 அக்டோபரில் தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானா கடற்கரையில் சில பூச்சிகள் கண்டெடுக்கப்பட்டன. அவை மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து, குறைந்தது 4,200 கிலோமீட்டர் பறந்து வந்தவை என்று 2024-இல் வெளியான ஆய்வு நிறுவியது. எங்கள் வகுப்பு ஆசிரியை உலகப் படத்தை விரித்து இந்தப் பாதையை நூல் கொண்டு ஒட்டியபோது, அதுவரை குவளையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் அதற்குள் இருப்பதை மரியாதையோடு பார்க்கத் தொடங்கினார்கள். இது பெட்டி தந்த பாடமன்று, ஆசிரியை தந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

புழு வந்து சேரும்போது அரிசி மணியளவுகூட இருக்காது. குவளையின் அடியில் பழுப்பு நிறத்தில் களி போல் அப்பியிருப்பதுதான் உணவு. மூடியைத் திறக்கவே தேவையில்லை. முதல் இரண்டு மூன்று நாட்கள் எதுவும் நடக்காதது போலத் தோன்றும். பிறகு ஒவ்வொரு நாளும் கண்ணுக்குத் தெரியும் வளர்ச்சி. ஒரு வாரம் பத்து நாட்களுக்குள் மூன்று, நான்கு சென்டிமீட்டர் நீளத்துக்கு, முட்கள் அடர்ந்த கரிய புழுவாகிவிடும். இந்த இடைவெளியில்தான் இப்பெட்டியின் சிறந்த பயன் இருக்கிறது என்பது என் கருத்து. பூச்சி வெளிவரும் நாளையே எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். படம் பிடிப்பதும் அன்றைக்குத்தான். ஆனால் ஏழு வயதுக் குழந்தை உண்மையில் அறிவியல் செய்வது, குவளையின் வெளிப்புறத்தில் காகித அளவுகோலை வைத்து, நெளியும் புழு நேராகும் தருணத்துக்காகக் காத்திருந்து, இன்று எவ்வளவு, நேற்றைவிட எவ்வளவு கூடுதல் என்று எழுதிக்கொள்ளும் அந்தச் சலிப்பான நாட்களில்தான். இருவர் ஒரே புழுவை அளந்து வெவ்வேறு எண்களைச் சொன்னார்கள். வளைந்திருக்கும்போது அளந்ததா, நீண்டிருக்கும்போது அளந்ததா என்ற சச்சரவு எழுந்தது. நீண்டிருக்கும்போது மட்டுமே அளப்பது என்று வகுப்பே கூடி விதி செய்துகொண்டது. எந்தப் பயிற்சித்தாளும் இதைக் கற்றுத் தந்திருக்காது.

குவளையின் அடியில் உருண்டை உருண்டையாகச் சேர்வது புழுவின் கழிவு என்று தெரிந்ததும் எழும் சிரிப்பு அடங்கக் கால் மணி நேரமாகும். அதற்குத் தயாராக இருங்கள். அவற்றுக்கிடையே கடுகைவிடச் சிறிய கருப்பு மணிகள் சிலவும் கிடக்கும். அவை கழிவல்ல, புழு தோலுரிக்கும்போது கழற்றிப்போட்ட பழைய தலை ஓடுகள். கையில் பிடிக்கும் உருப்பெருக்கி இருந்தால் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். துண்டறிக்கையைத் தயாரித்தவர்கள் இதைச் சொல்லாமல் விட்டது ஏனென்று விளங்கவில்லை. தோலுரிப்பதைக் குழந்தைகள் நேரில் காண்பது அரிது, ஆனால் அது நடந்ததற்கான தடயம் கண்முன்னே கிடக்கிறது.

வளர்ந்து முடித்த புழு மூடியின் அடிப்பகுதிக்கு ஏறி, பட்டு நூலால் ஒரு பிடிமானம் செய்து, தலைகீழாகக் கொக்கி போல் வளைந்து தொங்கும். அதன் பிறகு தோல் வெடித்து உரிந்து, உள்ளிருந்து கூட்டுப்புழு வெளிப்படும். அது இறுக ஓரிரு நாட்களாகும். அதுவரை குவளையை அசைக்கக் கூடாது. பின்னர் மூடியிலிருக்கும் காகித வட்டைக் கூட்டுப்புழுக்களோடு எடுத்து வலைக்கூண்டின் சுவரில் பொருத்த வேண்டும். இந்த ஒரு வேலையைப் பிள்ளைகளிடம் விடாமல் பெரியவர் செய்வதே சரி. இடம் மாற்றும்போது கூட்டுப்புழு துடிக்கும். எதிரியை விரட்ட அது கையாளும் வழி அது. கீழே விழுந்த ஒன்றைத் தூக்கி எறியத் தேவையில்லை. கூண்டின் அடியில் மெல்லிய காகிதத் துவாலையை விரித்து, வலைச் சுவரை ஒட்டிக் கிடத்திவிட்டால், வெளிவரும் பூச்சி சுவரைப் பற்றி ஏறிச் சிறகை விரித்துக்கொள்ளும்.

இன்னும் ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் வரை காத்திருக்க வேண்டும். வெளிவருவதற்கு முந்தைய நாள் கூடு கருத்து, உள்ளே சிறகின் ஆரஞ்சு நிறம் மங்கலாகத் தெரியும். வெளிவருவதோ சில நொடிகளுக்குள் முடிந்துவிடும் என்பதால் பாதி வகுப்பு அதைத் தவறவிடும்; அதற்காகப் பெட்டியைக் குறைசொல்ல முடியாது. பூச்சி வெளிவந்ததும் சொட்டும் சிவப்பு நிற நீர்மத்தைப் பற்றி மட்டும் முதல் நாளே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். கூட்டுக்குள் இருந்த காலத்தில் சேர்ந்த கழிவுதான் அது; ஆனால் வெள்ளைக் காகிதத்தில் அச்சு அசலாக இரத்தம் போலத் தெரியும். எங்கள் வகுப்பில் ஒரு சிறுமி அழுதேவிட்டாள்.

அதற்கு அடுத்த நாள் எழுந்த கேள்விதான் என்னை மிகவும் மகிழ்வித்தது. ஆரஞ்சுத் துண்டின் மேல் அமர்ந்திருந்த பூச்சியின் கால்களை எண்ணிய ஒரு பையன், பூச்சிகளுக்கு ஆறு கால்கள் என்று சுவரில் எழுதியிருப்பது தவறு, இதற்கு நான்குதான் என்றான். மற்றவர்களும் எண்ணிப் பார்த்தார்கள்; நான்குதான். இந்த இனம் சேர்ந்த குடும்பத்தில் முன்னங்கால் இரண்டும் சுருங்கி, தூரிகை போல மார்போடு ஒட்டியிருக்கும், நடக்கப் பயன்படாது. சுவரொட்டியும் சரி, பையன் கண்டதும் சரி. அந்தக் கால்களை உருப்பெருக்கியில் தேடிக் கண்டுபிடித்த அரை மணி நேரத்துக்காகவே பெட்டிக்குக் கொடுத்த காசு தகும் என்பேன்.

இனி குறைகள். பெட்டியின் மிகப் பெரிய குறை, அதில் இலை இல்லை என்பது. தமிழ்நாட்டில் வளர்ந்தவர்கள் பலரும் எருக்கஞ்செடியின் இலைக்கு அடியில் தொங்கும் கூட்டையோ, எலுமிச்சைக் கன்றில் பறவை எச்சம் போல ஒட்டியிருக்கும் புழுவையோ பார்த்திருப்போம். புழு என்றால் அது எந்தச் செடியின் புழு என்ற கேள்வி கூடவே வரும். இந்தக் குவளைக்குள் வளரும் புழுவுக்குச் செடியே கிடையாது. பழுப்புக் களிதான் அதன் உலகம். புழு என்ன தின்னும் என்று கேட்டபோது பல பிள்ளைகள் அந்தக் களியையே சொன்னார்கள். 17-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய ஓவியரும் பூச்சி ஆய்வாளருமான மரியா சிபில்லா மெரியன் புழுவையும் பூச்சியையும் அது தின்னும் செடியின் மேலேயே வைத்து வரைந்து, 1679-இல் நூலாக வெளியிட்டார். அவர் சேர்த்து வைத்ததை 21-ஆம் நூற்றாண்டின் பெட்டி பிரித்துவிடுகிறது.

இரண்டாவது குறை, முட்டை இல்லை. புழுவில் தொடங்கிப் பூச்சியைப் பறக்கவிடுவதோடு கதை முடிகிறது. வாழ்க்கைச் சுழற்சி என்று பெயர். ஆனால் சுழற்சியின் பாதிதான் கண்ணில் படுகிறது. இங்குள்ள பள்ளிகளில் இதையொட்டி ஒரு கைவேலை தவறாமல் உண்டு: காகிதத் தட்டை நான்காகப் பிரித்து, முட்டைக்கு அரிசியும், புழுவுக்குத் திருகிய பாஸ்தாவும், கூட்டுக்குச் சிப்பி வடிவப் பாஸ்தாவும், பூச்சிக்கு வில் வடிவப் பாஸ்தாவும் ஒட்டுவார்கள். அழகாகத்தான் இருக்கும். ஆனால் அரிசியை ஒட்டிய பிள்ளைகளில் ஒருவர்கூட முட்டையைப் பார்த்ததில்லை. இதன் அம்மா எங்கே என்று ஒரு குழந்தை கேட்டதற்கு, வேறொரு மாநிலத்துப் பண்ணையில் என்று ஆசிரியை உண்மையைச் சொன்னார்.

இரண்டு குறைகளுக்கும் ஒரே மருந்து உண்டு. செம்பருத்திக் குடும்பத்தைச் சேர்ந்த ஹாலிஹாக் அல்லது மாலோ செடி ஒன்றைத் தொட்டியில் வாங்கிக் கூண்டுக்குள் வைத்துவிட வேண்டும். பூச்சிமருந்து தெளிக்காத செடியாக இருக்க வேண்டியது கட்டாயம். கூண்டில் ஆணும் பெண்ணும் இருந்து, வெளிச்சமும் சர்க்கரை நீரும் போதுமானதாக இருந்தால், ஒரு வாரத்துக்குள் இலைகளில் வெளிர்பச்சை முட்டைகளைத் தனித்தனியே இடும் வாய்ப்பு நன்றாகவே உண்டு. சில நாட்களில் முட்டை பொரிந்து, புதுப்புழு இலையைச் சுரண்டித் தின்னும். இலையை நூலால் இழுத்து மடித்துக் கூடாரம் கட்டிக்கொள்ளும். அஞ்சலில் வந்த புழுவுக்கு அந்தக் கூடாரம் கட்ட வாய்ப்பே கிடைக்கவில்லை. செடித்தொட்டி ஒன்றையும் பெட்டியோடு சேர்த்தே விற்கலாம். அஞ்சலில் அனுப்புவது கடினம் என்றால், துண்டறிக்கையில் செடியின் பெயரையாவது கொட்டை எழுத்தில் அச்சிடலாம்.

எந்த வகுப்புக்கு இது ஏற்றது என்பதிலும் குழப்பம் உண்டு. பெட்டியைப் பெரும்பாலும் மழலையர் வகுப்பிலும் முதல் இரண்டு வகுப்புகளிலும்தான் வாங்குகிறார்கள். 2013-இல் வெளியாகி, நியூ ஜெர்சி 2014-இல் ஏற்றுக்கொண்ட, அமெரிக்கப் பள்ளிகளுக்கான அடுத்த தலைமுறை அறிவியல் தரநிலைகளின்படி, வாழ்க்கைச் சுழற்சி மூன்றாம் வகுப்புப் பாடம். உயிரினங்களின் சுழற்சிகள் பலவிதமாக இருந்தாலும் பிறப்பு, வளர்ச்சி, இனப்பெருக்கம், இறப்பு ஆகிய நான்கும் எல்லாவற்றுக்கும் பொது என்பதை மாணவர் மாதிரி செய்து விளக்க வேண்டும் என்கிறது அது. இரண்டாம் வகுப்புக்கு உரியது மகரந்தச் சேர்க்கையும் விதை பரவலும். ஆகவே இரண்டாம் வகுப்பில் இப்பெட்டியை வைப்பவர்கள், பூச்சி பூவில் என்ன செய்கிறது என்பதற்குக் கூடுதல் நேரம் ஒதுக்கினால் பாடத்திட்டத்தோடும் ஒத்துப்போகும். கூண்டிலுள்ள சர்க்கரை நீர்த் தட்டோடு உண்மையான பூங்கொத்து ஒன்றையும் வையுங்கள். சுருண்ட உறிஞ்சுகுழல் நீண்டு பூவுக்குள் போவதை ஒருமுறை பார்த்தவர்களுக்கு வரைபடம் தேவைப்படாது.

மேற்சொன்ன நான்கில் கடைசியான இறப்பைப் பற்றிப் பெட்டி அடக்கி வாசிக்கிறது. ஐந்தில் குறைந்தது மூன்று பூச்சியாகும் என்பதே பொதுவாகக் காணப்படும் உறுதிமொழி. எஞ்சிய இரண்டு என்னவாகும் என்று வெளிப்படையாகச் சொல்வதில்லை. எங்கள் வகுப்புக்கு வந்த குவளைகளில் ஒன்று உள்ளே நீர் கோத்து, களி இளகி, பூசணம் பிடித்துப் புழுக்கள் இறந்துவிட்டன. நிறுவனத்துக்கு எழுதியதும் மறுகேள்வி இல்லாமல் மாற்றுக் குவளை அனுப்பினார்கள். ஆனால் அது வந்து சேர்ந்தபோது மற்ற புழுக்கள் கூடாகிவிட்டிருந்தன. இறந்த குவளையை மறைத்துவிடலாமா என்று பேச்சு எழுந்தது. ஆசிரியை மறைக்கவில்லை, அளவுப் பட்டியலில் அந்தக் குவளைக்குரிய வரி எங்கே நின்றதோ அங்கேயே நிற்கட்டும் என்று விட்டுவிட்டார். சிறகு விரியாத பூச்சி ஒன்றும் இருந்தது. அதைக் கூண்டிலேயே வைத்து ஆரஞ்சுத் துண்டு கொடுத்துவந்தோம்.

பறக்கவிடுவது பற்றிச் சிறிது யோசிக்க வேண்டும். வெளியே வெப்பம் 13 டிகிரி செல்சியசுக்கு மேல் இருக்க வேண்டும்; நியூ ஜெர்சியில் மே மாதத்தில் இதற்குத் தடையில்லை. உறைபனியை இப்பூச்சி எந்தப் பருவத்திலும் தாங்காது என்பதால் இலையுதிர் காலத்தில் வளர்க்கத் தொடங்குவது வீண் வேலை. வளர்ப்புப் பூச்சிகளைத் திறந்தவெளியில் விடுவதையே வட அமெரிக்கப் பட்டாம்பூச்சிச் சங்கம் எதிர்க்கிறது: நோய் பரவலாம், இயற்கையில் இருப்பவற்றின் மரபுக்கலப்பு மாறலாம், எந்த இனம் எங்கே எப்போது காணப்படுகிறது என்ற பதிவுகள் குழம்பலாம். இந்த வாதத்தில் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. திருமணங்களில் நூற்றுக்கணக்கில் பறக்கவிடுவதையும் வகுப்பறையின் சில பூச்சிகளையும் ஒரே தட்டில் வைக்க முடியாது என்றாலும், ஒவ்வொரு வசந்தத்திலும் நாடு முழுவதும் எத்தனை வகுப்பறைகள் என்று எண்ணிப் பார்த்தால் தொகை சிறியதன்று.

விலை, வீட்டுப் பெட்டிக்கு முப்பது டாலரைச் சுற்றி. பள்ளிப் பெட்டிக்கு அதைப்போல் சில மடங்கு. கோழிக்குஞ்சுத் திட்டத்தோடு ஒப்பிட்டால் இது மலிவு, தொல்லையும் குறைவு. அங்கே கருவியின் வெப்பத்தை 37.5 டிகிரியில் 21 நாட்கள் காக்க வேண்டும். சால்மொனெல்லா கிருமிக்கு அஞ்சி ஒவ்வொரு முறையும் கை கழுவ வேண்டும். முடிவில் குஞ்சுகள் எங்கே போகின்றன என்ற கேள்விக்கு விடை சொல்ல வேண்டும்.

ஆனால் செலவே இல்லாத மாற்று ஒன்று இருக்கிறது. நியூ ஜெர்சி 2016-இல் தன் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்தது பிளாக் ஸ்வாலோடெய்ல் எனும் கரிய பூச்சியை. பார்ஸ்லி, டில், சோம்பு, கேரட் ஆகியவற்றின் தழைதான் அதன் புழுவுக்கு உணவு. பள்ளித் தோட்டத்தில் இரண்டடிப் பாத்தியில் சோம்பு விதைத்துவிட்டால், அது தானாகவே தேடி வந்து முட்டையிடும். பச்சை உடலில் கருப்புப் பட்டைகளும் மஞ்சள் புள்ளிகளும் கொண்ட அந்தப் புழுவைத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறக் கவை ஒன்றை நீட்டி, மூக்கைப் பொத்திக்கொள்ளும்படி ஒரு நாற்றத்தை விடும். அதைவிடச் சிறந்த வகுப்பறை ஈர்ப்பு வேறென்ன வேண்டும்? முட்டை, இலை, புழு, பூச்சி எல்லாம் ஒரே செடியில் கிடைக்கும். சிக்கல் நாட்காட்டியில்தான் இருக்கிறது. புழுக்கள் கணிசமாகக் கிடைக்கும் ஜூனில் பள்ளி ஆண்டு முடியும் தறுவாயில் இருக்கும். வருமா வராதா என்ற உறுதியும் கிடையாது. தேதி குறித்துப் பாடம் நடத்த வேண்டிய ஆசிரியருக்கு அஞ்சல் பெட்டியே கைகொடுக்கிறது. கொல்லையில் சோம்பும் வெந்தயமும் போடும் நம்மவர் வீடுகளுக்கு, பெட்டி வாங்குமுன் சோம்புச் செடியை ஒருமுறை புரட்டிப் பார்க்கும்படி சொல்வேன்.

வாங்குவதாக முடிவுசெய்தால், ஏப்ரல் விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் வாரத்தில் புழு வந்துசேருமாறு பதிவு செய்யுங்கள். விடுமுறைக்கு முன்பே வந்துவிட்டால், அளக்க வேண்டிய நாட்கள் எல்லாம் பூட்டிய அறையில் கழிந்துவிடும். கடுங்குளிரில் அஞ்சல் பெட்டிக்குள் கிடந்து புழு விறைத்துப்போகக்கூடும் என்பதால், அலுவலகத்தில் யாரேனும் கையில் வாங்கிக்கொள்ளும் நாளாகப் பாருங்கள். வாரக் கடைசியில் பள்ளியின் சூடேற்றி தணிக்கப்படும் கட்டடமானால் வளர்ச்சி சற்றுத் தாமதமாகும், அது நோயல்ல. நேர் வெயில் படும் சன்னல் மட்டும் வேண்டாம், குவளைக்குள் வெப்பம் ஏறிவிடும். மாலோ செடியை மார்ச் இறுதியிலேயே தொட்டியில் வைத்துவிடுங்கள். வலைக்கூண்டு பல ஆண்டுகள் உழைக்கும். துவைத்து வெயிலில் உலர்த்தி மடித்து வைத்துக்கொண்டால், அடுத்த ஆண்டு புழுக்குவளையை மட்டும் தனியாக வாங்கிக்கொள்ளலாம், செலவும் குறையும்.